கடிகாரத்துக்கு ஒரு விமான டிக்கெட்!

1971, அக்டோபர் மாதம். அமெரிக்காவிலிருந்து கிளம்பிய ஒரு பயணிகள் விமானத்தில் வித்தியாசமான பயணி ஒருவர் இருந்தார். டிக்கெட்டில் அவர் பெயர் 'மிஸ்டர் கிளாக்'. சாப்பாடு கேட்கவில்லை. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடவில்லை. கட்டிவைத்த இடத்தைவிட்டு அசையாமல் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவந்தார்.

அந்தப் பயணி ஓர் ஆளே இல்லை. சீசியம் அணுக் கடிகாரங்கள் அடங்கிய பெட்டி. சரக்கோடு சரக்காகப் போட முடியாத அளவுக்கு நுட்பமான கருவி என்பதால், மனிதர்கள் உட்காரும் பகுதியில் அதற்கும் சீட் வாங்கியிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் ஜோசப் ஹாஃபெலே, செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர். இன்னொருவர் ரிச்சர்ட் கீட்டிங், தலைநகர் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் வானியலாளர். அமெரிக்காவுக்கே நேரம் சொல்லும் இடங்களில் ஒன்று அந்த வானாய்வகம்.

இருவரும் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்றுதான். ஊர் சுற்றிவிட்டு வரும் கடிகாரமும், வீட்டிலேயே இருந்த கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுமா?

காகிதத்தில் இருந்த கணக்கு

'காட்டாது' என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். 1905-ல் அவர் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின்படி, வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும். 1915-ல் முடித்த பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி, ஈர்ப்பு விசை அதிகமுள்ள இடத்திலும் கடிகாரம் மெதுவாகத்தான் ஓடும். அதாவது, தரையில் இருக்கும் கடிகாரத்தைவிட மலை உச்சியில் இருக்கும் கடிகாரம் ஒரு துளி வேகமாக ஓடும்.

கடிகாரத்தின் பல்சக்கரமோ பேட்டரியோ செய்யும் கோளாறு அல்ல இது. அங்கே நேரமே அப்படித்தான் நகர்கிறது. கடிகாரத்தோடு சேர்ந்து இதயத்துடிப்பு, செடியின் வளர்ச்சி, தலைமுடி நரைப்பது எல்லாமே அதே கணக்கில்தான் ஓடும்.

வேகத்துக்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஓடும் ரயிலில் ஒரு சிறுமி பந்தை நேராக மேலே எறிந்து பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைப் பொறுத்தவரை பந்து மேலே போய்க் கீழே வருகிறது, அவ்வளவுதான். பிளாட்பாரத்தில் நிற்பவருக்கோ, ரயிலோடு சேர்ந்து முன்னால் நகர்ந்தபடி பந்து சாய்வாகப் போய்ச் சாய்வாக இறங்குகிறது. அவர் பார்க்கும் பாதை நீளமானது.

பந்து என்றால் பிரச்னை இல்லை. ரயிலின் வேகமும் அதோடு சேர்ந்துகொள்வதால், நீளமான பாதையையும் அதே நேரத்தில் கடந்துவிடும். பந்துக்குப் பதிலாக ஓர் ஒளிக்கீற்றை மேலே அனுப்பினால்தான் சிக்கல். ஒளியின் வேகம் ரயிலுக்குள் இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் ஒன்றேதான். விநாடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. ரயில் வேகம் அதோடு சேராது. பாதை நீளம், வேகம் அதே. அப்படியானால் எடுக்கும் நேரம்தான் கூட வேண்டும். சிறுமியின் ஒரு 'டிக்', பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு ஒரு டிக்கைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஈர்ப்பு விசையின் கதை வேறு. மேலே எறியும் கல் போகப் போக வேகம் குறையும். ஒளிக்கு வேகம் குறையாது. அதற்குப் பதிலாக அதன் ஆற்றல் குறைகிறது, துடிப்பு தளர்கிறது. கீழே இருக்கும் கடிகாரத்தின் ஒவ்வொரு டிக்கும் மேலே இருப்பவரிடம் சற்றுத் தாமதமாக வந்துசேர்வதற்கு இதுதான் அர்த்தம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில், சுமார் 22 மீட்டர் உயர வித்தியாசத்திலேயே இதை 1960-ல் அளந்து காட்டிவிட்டார்கள் ராபர்ட் பவுண்டும் அவருடைய மாணவர் கிளென் ரெப்காவும்.

'ஒருவருக்கொருவர்தானே ஓடுகிறார்கள்?'

ஆனாலும் சர்ச்சை ஓயவில்லை. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு ரயில் ஓடுகிறது சரி. ரயிலில் இருக்கும் சிறுமிக்கு பிளாட்பாரம்தானே பின்னால் ஓடுகிறது? அவள் பார்வையில் பிளாட்பாரக் கடிகாரமல்லவா மெதுவாக ஓட வேண்டும்? இருவரில் யாருக்கு உண்மையிலேயே வயது குறையும்?

பிரிட்டனைச் சேர்ந்த ஹெர்பர்ட் டிங்கிள் என்ற அறிஞர் இந்த வகைக் கேள்விகளை வைத்தே பல ஆண்டுகள் ஐன்ஸ்டைன் கோட்பாட்டை எதிர்த்து வாதாடினார். இத்தனைக்கும் சார்பியலைப் பற்றிப் பாடநூல் எழுதியவர் அவர்!

இந்த வாதத்துக்குப் பதில், 'போனவர் திரும்பி வர வேண்டும்' என்பதுதான். வளைந்து, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்பவரும், அப்படியே இருந்தவரும் ஒன்றல்ல. இரண்டு கடிகாரங்களையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், எது முன்னே, எது பின்னே என்பதில் வாதத்துக்கு இடமில்லை. மியுவான் போன்ற நுண்துகள்களில் இந்த நேர நீட்சியை விஞ்ஞானிகள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஆனால், மனிதர்கள் கையில் தூக்கிக்கொண்டு போய்வரக்கூடிய கடிகாரத்தை உலகம் சுற்றிக் கொண்டுவந்து யாரும் பார்த்ததில்லை.

ராக்கெட் வேண்டாம், விமானம் போதும்!

பல்கலைக்கழக வகுப்பு ஒன்றுக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஹாஃபெலே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். சாதாரண பயணிகள் விமானத்தின் வேகமும் உயரமும் போதுமா? போதும் என்றது விடை. வித்தியாசம் மிகச் சிறியதுதான். ஆனால், அணுக் கடிகாரம் கண்டுபிடித்துவிடும்.

பணம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சுமார் ஓராண்டு அலைந்தார். கடைசியில் அணுக் கடிகாரங்களோடு அன்றாடம் பழகும் கீட்டிங்கின் நட்பு கிடைத்தது. கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் சுமார் 8,000 டாலர் கொடுத்தது. அதில் பெரும்பகுதி டிக்கெட்டுக்கே போய்விட்டது. பெரிய சோதனைகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

மொத்தம் நான்கு சீசியம் கடிகாரங்கள். ஏன் நான்கு? ஒரு கடிகாரம் தன்பாட்டுக்குச் சற்றே முன்பின் ஓடினால், அது பயணத்தின் விளைவா, கடிகாரத்தின் குணமா என்று தெரியாது. நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே போனால், தப்பு செய்வது யார் என்று பிடித்துவிடலாம்.

அக்டோபர் 4 முதல் 7 வரை கிழக்கு நோக்கி ஒரு சுற்று. அக்டோபர் 13 முதல் 17 வரை மேற்கு நோக்கி ஒரு சுற்று. நடுவில் இறங்கி, விமானம் மாறி, மறுபடி ஏறி எல்லோரையும்போலத்தான் பயணம். வானில் இருந்தது கிழக்குச் சுற்றில் சுமார் 41 மணி நேரம், மேற்குச் சுற்றில் சுமார் 49 மணி நேரம். எந்த உயரம், எந்த வேகம், எந்தத் திசை என்ற விவரங்களை விமானிகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கிழக்கே போனால் நஷ்டம், மேற்கே போனால் லாபம்!

இரண்டு திசைகளிலும் ஏன் போக வேண்டும்? இங்கேதான் இந்தச் சோதனையின் அழகு இருக்கிறது.

வாஷிங்டனில் 'சும்மா' இருக்கும் கடிகாரம் உண்மையில் சும்மா இல்லை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியோடு வாஷிங்டன் நகரமும் மணிக்கு சுமார் 1,300 கி.மீ வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. பூமிக்கு வெகு மேலே, விண்வெளியில் நின்று பார்ப்பவருக்கு இது புரியும்.

அந்த இடத்தில் ஒரு விமானம் மணிக்கு 900 கி.மீ வேகத்தில் கிழக்கே பறந்தால், பூமியின் வேகமும் சேர்ந்து அதன் வேகம் சுமார் 2,200 கி.மீ. அதே விமானம் மேற்கே பறந்தால், வெறும் 400 கி.மீ. அதாவது, மேற்கே பறக்கும் விமானம்தான் மூன்றில் மிக மெதுவாகப் போகிறது. தரையில் இருக்கும் கடிகாரத்தைவிடவும் மெதுவாக!

வேகம் கூடினால் நேரம் மெதுவாகும். ஆகவே, வாஷிங்டன் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் கிழக்கே போகும் கடிகாரம் பின்தங்க வேண்டும். மேற்கே போகும் கடிகாரம் முந்த வேண்டும். அதோடு உயரத்தின் கணக்கும் உண்டு. இரண்டு விமானங்களும் மேலே பறப்பதால், ஈர்ப்பு குறைந்து இரண்டிலுமே நேரம் சற்று வேகமாக ஓடும்.

வித்தியாசத்தை நானோ விநாடியில்தான் சொல்ல முடியும். ஒரு விநாடியை நூறு கோடித் துண்டுகளாக நறுக்கினால், ஒரு துண்டுதான் நானோ விநாடி. கோட்பாடு சொன்ன கணக்கு இதுதான்:

கிழக்குச் சுற்று: உயரத்தால் 144 நானோ விநாடி வரவு. வேகத்தால் 184 செலவு. ஆக, 40 நஷ்டம்.

மேற்குச் சுற்று: உயரத்தால் 179 வரவு. வேகத்தாலும் 96 வரவு. ஆக, 275 லாபம்.

பயண விவரங்கள் துல்லியமாகக் கிடைக்காததால், இந்த எண்களில் இருபதுக்குச் சற்று மேல் கூடலாம், குறையலாம் என்றும் சொல்லிவைத்தார்கள்.

திரும்பி வந்த கடிகாரங்களை வானாய்வகத்தின் கடிகாரங்களோடு வைத்துப் பார்த்தார்கள். கிழக்கே போனவை 59 நானோ விநாடி பின்தங்கியிருந்தன. மேற்கே போனவை 273 நானோ விநாடி முந்தியிருந்தன. பிழை வரம்பைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டுமே கோட்பாட்டோடு பொருந்தின. 1972-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது.

கடிகாரம் குலுங்கியதால் வந்த கோளாறாக இருக்கக்கூடாதா? எந்தத் திசையில் போனாலும் குலுங்கல் குலுங்கல்தான். ஒரு திசையில் நஷ்டமும் எதிர்த் திசையில் லாபமும், அதுவும் முன்கூட்டியே சொன்ன அளவில் வருவதற்குக் குலுங்கலைக் காரணம் சொல்வது கடினம். அதற்குப் பின்னும் விமானங்களில் இன்னும் துல்லியமான சோதனைகள் நடந்தன. அவையும் ஐன்ஸ்டைன் பக்கமே நின்றன.

செல்போனுக்குள் ஐன்ஸ்டைன்

சரி, விநாடியில் நூறு கோடியில் சில பங்கு முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன? பஸ்ஸைத் தவறவிடப் போவதில்லையே!

பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கலாம். வழியைத் தவறவிட்டுவிடுவோம். செல்போனில் வரைபடத்தைத் திறந்ததும் 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று நீலப் புள்ளி ஒன்று தெரிகிறதே, அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது கடிகாரக் கணக்குதான்.

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கி.மீ உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. 'இப்போது மணி இத்தனை' என்று அவை அனுப்பும் செய்தி போனுக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான், எந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்கிடுகிறது. ஒரு நானோ விநாடி தவறினால், தூரத்தில் சுமார் 30 செ.மீ தவறும்.

இந்தச் செயற்கைக்கோள்கள் மணிக்கு சுமார் 14,000 கி.மீ வேகத்தில் போகின்றன. அதனால் அவற்றின் நேரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். ஆனால், அத்தனை உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ விநாடி முந்தும். கூட்டிக் கழித்தால் தினமும் 38 மைக்ரோ விநாடி லாபம். அந்த 38 மைக்ரோ விநாடியில் ஒளி போகும் தூரம் 11 கி.மீ-க்கும் மேல். திருத்தாமல் விட்டால், செயற்கைக்கோளின் தூரக் கணக்கில் ஒவ்வொரு நாளும் அவ்வளவு பிழை சேர்ந்துகொண்டே போகும்.

1977-ல் ஜி.பி.எஸ்-க்கு முன்னோட்டமாக 'என்.டி.எஸ்-2' என்ற செயற்கைக்கோளை சீசியம் கடிகாரத்தோடு அனுப்பியபோது, இந்தத் திருத்தம் நிஜமாகவே தேவையா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அதனால், திருத்தும் கருவியை உள்ளே வைத்து, முதலில் அணைத்தே வைத்தார்கள். சுமார் 20 நாள் கவனித்தார்கள். கடிகாரம் கோட்பாடு சொன்ன அளவுக்கு மிக நெருக்கமாக முந்திக்கொண்டிருந்தது. கருவியை இயக்கினார்கள்!

இப்போது ஜி.பி.எஸ் செயற்கைக்கோள் கடிகாரங்களைத் தரையிலேயே கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். மேலே போனதும் சரியாகிவிடும். ஆட்டோ டிரைவர், உணவு கொண்டுவரும் இளைஞர், ஆம்புலன்ஸ் என்று வழி கண்டுபிடிக்கும் அத்தனை பேருக்கும் ஐன்ஸ்டைன் தினமும் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறார்.

மாடி வீட்டுக்காரருக்கு வயது கூடுமா?

கூடும். ஆனால், கவலைப்படும் அளவுக்கு அல்ல. 2010-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவன விஞ்ஞானிகள், இரண்டு அதிநுட்ப கடிகாரங்களில் ஒன்றை மட்டும் 33 செ.மீ உயர்த்தி வைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு படிக்கட்டு உயரம். உயரத்தில் இருந்த கடிகாரம் வேகமாக ஓடியது தெரிந்துவிட்டது. 79 வருட வாழ்நாளில் இதனால் கூடும் வயது, சுமார் 90 நானோ விநாடி.

2020-ல் ஜப்பான் விஞ்ஞானிகள், டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்தில் ஒரு கடிகாரத்தையும் தரையில் ஒரு கடிகாரத்தையும் வைத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். மேலே ஒரு நாளுக்கு நான்கு நானோ விநாடிக்குச் சற்று அதிகம். 2022-ல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்தைக்கூட அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்குப்படி, நிற்பவரின் பாதத்தைவிடத் தலைக்கு வயது கூடுதல்!

விண்வெளி வீரர்களுக்கு? சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு பெரிதாகக் குறைவதில்லை. ஆனால், வேகம் மணிக்கு சுமார் 27,600 கி.மீ. அதனால் வேகத்தின் கையே ஓங்குகிறது. ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் வீரர், தரையில் இருந்தவர்களைவிட ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கு இளமையாக வருவார். அதற்கும் மேலே போகப் போக வேகத்தின் கை தளர்ந்து, சுமார் 3,200 கி.மீ உயரத்தில் இரண்டும் சரிசமம் ஆகின்றன. அதைத் தாண்டினால் ஈர்ப்புக் கணக்குதான் ஜெயிக்கும். ஜி.பி.எஸ் கடிகாரங்கள் முந்துவது அதனால்தான்.

அடுத்த சிக்கல் நிலாவில். அங்கே கடிகாரம் நாளொன்றுக்கு 55 மைக்ரோ விநாடிக்கு மேல் முந்தும். பல நாடுகளும் அங்கே இறங்கப்போகும் நிலையில், நிலாவுக்கென்று தனி நேரத்தை உருவாக்கும்படி 2024-ல் நாசாவிடம் கேட்டுக்கொண்டது அமெரிக்க அரசு. ஊருக்கு ஒரு நேரம் என்பது போய், கிரகத்துக்கு ஒரு நேரம் வரப்போகிறது.

பிள்ளைகளோடு 22 நானோ விநாடி

ஹாஃபெலே - கீட்டிங் சோதனையைத் தன் சொந்தக் குடும்பத்தோடு வேறுவிதமாகச் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் வசிக்கும் அவருக்குப் பழைய அணுக் கடிகாரங்களைச் சேகரிப்பது பொழுதுபோக்கு. மூன்று பிள்ளைகளின் அப்பா.

2005-ல் சீசியம் கடிகாரங்கள் மூன்றையும், அவை நிற்காமல் ஓடப் பேட்டரிகளையும் குடும்ப வேனில் ஏற்றினார். மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ரெய்னியர் மலைக்குப் போனார். வீட்டைவிட சுமார் 1,300 மீட்டர் அதிக உயரத்தில் ஒரு விடுதி. இரண்டு நாள் தங்கல். பிள்ளைகள் விளையாட, கடிகாரங்கள் வேனுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

வீடு திரும்பி, அங்கே விட்டுவந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டார். மலைக்குப் போய்வந்தவை, கணக்கு சொன்னதுபோலவே சுமார் 22 நானோ விநாடி முந்தியிருந்தன. அந்த வார இறுதியில் வீட்டிலேயே இருந்திருந்தால், அந்த 22 நானோ விநாடி அவர்களுக்குக் கிடைத்திருக்காது. பிள்ளைகளோடு கழித்த அந்தக் கூடுதல் நேரம்தான் தனக்குக் கிடைத்ததிலேயே சிறந்தது என்று பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னார் அந்த அப்பா.

அந்த 22 நானோ விநாடியில் ஒளிகூட ஏழு மீட்டர்கூடத் தாண்டாது. ஆனால், பிள்ளைகளுக்காக ஒதுக்கிய இரண்டு முழு நாள்கள் அதோடு சேர்ந்து இருந்தன. அதற்கு அணுக் கடிகாரம் தேவையில்லை. மலை கூடத் தேவையில்லை!